வெட்டு மெசினின் வால் புதைகிறதா? ட்ராக்கை நீட்டும் முன் ரசமட்டத்தை எடுங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வயல் செய்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தை மாதக் கடைசியில் வேளாண்மை பழுத்து நிற்கும், மழை மட்டும் நிற்காது. 2011இல் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் வந்த வெள்ளத்தை மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் யாரும் மறக்கவில்லை. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வடிச்சல் சரியில்லாத பள்ளக் காணிகளில் மாரி மழையில் செய்யும் ஒவ்வொரு பெரும்போகத்திலும், நெல்லை வெட்டி அடித்துத் தன் தாங்கியில் சேர்க்கும் வெட்டு மெசின் இறங்குவது ஒரு சூதாட்டம்தான். இறங்கிய மெசின் பின்பக்கமாகக் குந்திவிட்டால் அதை இழுக்க இரண்டு ட்ரக்டர், இழுக்க வந்த ட்ரக்டரை இழுக்க இன்னொன்று, நாள் முழுக்க அதே வேலை. வரம்பில் நிற்கும் பத்துப் பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், அது வேறு.

நானும் மச்சானும் ஒரு பழைய மெசினை வைத்து மண்டூர், வெல்லாவெளிப் பக்கமும், சில வேளை சம்மாந்துறைப் பக்கமும் ஓட்டுகிறோம். மெசின் ஓடும் றப்பர்ப் பட்டியான ட்ராக்கை நீட்டி, அது பின்னால் சுற்றித் திரும்பும் பின் சில்லையும் அந்தச் சில்லைத் தாங்கும் கையையும் மாற்றினோம். ஒரு முறை பிழையாகச் செய்து, மறுமுறை சரியாகச் செய்தோம். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்கு இந்த வேலை வேண்டுமா என்று பாருங்கள். மெசின் புதைகிறது என்று எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னாலும் புதைவதில் இரண்டு வகை இருக்கிறது. முன்னும் பின்னும் ஒரே அளவாக இறங்கினால் அது பாரத்துக்கு ட்ராக் போதாத பிரச்சினை. முன்பக்கம் மேலே நிற்க வால் மட்டும் இறங்கினால் அது பாரம் எங்கே விழுகிறது என்ற பிரச்சினை. இதைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஈரமான, ஆனால் மெசின் நிற்கக்கூடிய வயலில், நெல் தாங்கி வெறுமையாக இருக்கும்போது நிறுத்தி, ட்ராக் சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பாருங்கள். பிறகு வெட்டி, தாங்கி நிரம்பியதும் பக்கத்திலேயே நிறுத்தி இன்னொரு தரம் வையுங்கள். வெறுமையில் மட்டமாக இருந்து, நிரம்பியதும் குமிழி முன்னுக்கு ஓடினால் வால் இறங்குகிறது. அப்போதுதான் ட்ராக்கை நீட்டுவதில் பயன் இருக்கிறது. இரண்டு முறையும் குமிழி நடுவில் நின்று, மெசின் மட்டும் ஆழமாகப் போனால் உங்களுக்கு வேண்டியது அகலமான ட்ராக்.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாங்கி நிறைய நெல்லோடு 3400 கிலோ வரும் மெசின் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ட்ராக் அகலம் 45 சென்ரிமீற்றர், ட்ராக்கை உள்ளிருந்து மண்ணில் அமுக்கும் உருளைகளில், அதாவது ரோலர்களில், முதல் ரோலரின் நடுவிலிருந்து கடைசி ரோலரின் நடுவரை 160 சென்ரிமீற்றர். இரண்டு பக்கமும் சேர்த்து மண்ணில் படும் பரப்பு 14,400 சதுர சென்ரிமீற்றர், ஆக ஒரு சதுர சென்ரிமீற்றருக்குச் சுமார் 0.236 கிலோ. ஒற்றைக் காலில் நிற்கும் ஆள் மண்ணை அமுக்குவதைவிட இது குறைவு, யாரும் நம்பமாட்டார்கள். இப்போது அகலத்தை 50 ஆக்கினால் அது 0.2125க்கு இறங்கும், பத்து வீதம் குறைவு. அகலத்தை 45இலேயே விட்டு, நீளத்தை 9 சென்ரிமீற்றர் கூட்டினால் 0.2235 வரும், ஐந்து வீதம்தான் குறைவு. அதாவது மிதக்க வேண்டும் என்பதற்காக மட்டும் ட்ராக்கை நீட்டுவது காசுக்குக் கேடு. ஆனால் அந்த 9 சென்ரிமீற்றரும் வாலுக்குக் கீழே வருவதால், பின்னால் சாயும் பாரத்துக்கு ஒரு கால் கொடுத்த மாதிரி. எங்கள் மெசினில் எஞ்சினும் நெல் தாங்கியும் பின்பக்கம்தான் இருக்கின்றன, தாங்கி நிரம்ப நிரம்ப வால் இறங்கும்.

முதல் முறை எங்களுக்கு இது விளங்கவில்லை. வயலில் நின்ற ஒரு பெரியவர்தான் "மனே, மெசினுக்குப் பாரம் பின்னுக்கு இருக்கு, நீ முன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்" என்று சொன்னார்.

சரி, ட்ராக் வாங்கும் கதைக்கு வருவோம். றப்பர் ட்ராக்கின் உட்பக்கத்தில் அல்லது ஓரத்தில் மூன்று எண்கள் அடித்திருக்கும், 450 × 90 × 51 என்பது போல. முதல் எண் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, உள்ளே புதைத்திருக்கும் இரும்புக் கட்டைகளில் ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவரை உள்ள தூரம். மூன்றாவது அப்படி எத்தனை கட்டைகள் என்பது. தேய்ந்து எண் தெரியாவிட்டால் ஒரு கட்டையில் சோக்கட்டியால் கோடு போட்டு, சுற்றி வந்து எண்ணுங்கள். இடைவெளியை ஒன்றை மட்டும் அளக்காமல் பத்து இடைவெளியை ஒன்றாக அளந்து பத்தால் வகுங்கள், பழைய ட்ராக்கில் ஒன்றை அளந்தால் பிழைதான் வரும். நடு எண் மாறவே கூடாது, அது ட்ராக்கை ஓட்டும் பல்சக்கரத்தின் பல்லோடு சேர்ந்த அளவு, 90க்குப் பதில் 84 வாங்கினால் ட்ராக்கை விற்றவரும் நீங்களும் சண்டை பிடிக்க வேண்டியதுதான். அகலத்தை மாற்றலாம், ஆனால் உள்ளே ரோலர் ஓடும் தடமும் பல் போகும் துளையும் அதே அளவாக இருக்க வேண்டும், படிக்கட்டிலோ ஒயில் குழாயிலோ உரசாமலும் இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது வெறும் எண்ணோடு போகாமல் உட்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி எல்லோரும் சறுக்கும் இடம். றப்பர் ட்ராக் ஒரே வளையமாக வார்த்தது, சைக்கிள் செயின் போல இரண்டு கண்ணி சேர்த்துப் பூட்ட முடியாது. நீட்ட வேண்டுமென்றால் எண்ணிக்கை கூடிய முழு ட்ராக்தான் வாங்க வேண்டும். கடையில் எந்தெந்த எண்ணிக்கை கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்ப்பதுதான் புத்தி. 51க்குப் பதில் 53 போட்டால் வளையம் 180 மில்லிமீற்றர் கூடும். பின் சில்லு 180 மில்லிமீற்றர் பின்னுக்குப் போகும் என்று நினைத்தால் பிழை. அந்த நீளம் மேலேயும் கீழேயும் பாதிப் பாதியாகப் பிரிவதால் சில்லு போவது சுமார் 90 மில்லிமீற்றர்தான். நாங்கள் இதை 180 என்று நினைத்து இரும்பு வெட்டினோம். அந்தத் துண்டு இப்போதும் வாடியில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

பின் சில்லைத் தாங்கும் கை, ட்ராக் சட்டத்துக்கு உள்ளே செருகி நிற்கும். இறுக்கும் போல்ட்டைச் சுற்றினால் அது வெளியே வந்து ட்ராக்கை இழுக்கும். பழைய கையையே 90 மில்லிமீற்றர் வெளியே இழுத்துவிட்டால் போதாதா என்று தோன்றும், நாங்களும் அதைத்தான் முதலில் செய்தோம். சட்டத்துக்கு உள்ளே மிஞ்சியிருக்கும் நீளம் குறைந்துவிடும், வரம்பில் ஏறும்போது முழுப் பாரமும் அந்தக் குறுகிய துண்டில் நெம்பும், கை வளையும். எங்களுடையது மூன்றாம் நாள் வளைந்தது. அதனால் புதிய கை ஒன்று செய்ய வேண்டும், உள்ளே செருகும் நீளம் பழைய அளவிலேயே இருக்க, வெளியே வரும் பக்கம் மட்டும் 90 கூட. நடுவில் வெட்டித் துண்டு வைத்து ஒட்டித் தருகிறேன் என்று வெல்டிங் ஒட்டுவேலைக் கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், நெம்பு விழும் இடத்தில்தான் அந்த ஒட்டு வரும். ஒரே துண்டு இரும்பில், பழையதைவிடச் சுவர் தடித்ததாக எடுத்து, சில்லு பூட்டும் கவையைப் புதிதாக அடியுங்கள். லேத் வேலை செய்பவரிடம் பழைய கையைக் கழற்றிக் கையில் கொடுங்கள், தாளில் வரைந்து கொடுத்தால் அவர் ஒரு மாதிரி விளங்கிக்கொள்வார், நீங்கள் இன்னொரு மாதிரி.

அடுத்தது ரோலர். சில்லைப் பின்னுக்குத் தள்ளியதும் கடைசி ரோலருக்கும் சில்லுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் வரும். அங்கே ட்ராக்கை மேலிருந்து அமுக்க ஒன்றும் இல்லை. மண்ணில் ட்ராக் படுவதால் பாரம் அங்கே இறங்குகிறது என்று அர்த்தமில்லை, ரோலர் இருக்கும் இடத்தில்தான் பாரம் இறங்கும். ஆக நீட்டியதன் பயன் ஒரு சதமும் கிடைக்காது, அதோடு அந்தத் தொங்கும் பகுதி பக்கவாட்டில் ஆடி, திரும்பும்போது ட்ராக் கழன்றுவிடும். எங்களுக்கு அது வாய்க்கால் கட்டில் வைத்துக் கழன்றது, இருட்டும் நேரம், மழை வேறு. மச்சான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். ஆகவே கடைசி ரோலரையும் அதே அளவு பின்னுக்கு எடுத்து, இடையில் வரும் இடைவெளியை மற்ற ரோலர்களுக்கும் பிரித்துக் கொடுங்கள், அல்லது சட்டத்தில் இன்னொரு ரோலர் சேருங்கள். சேர்ப்பது பலமானது. பழைய இடத்திலிருந்து கழற்றிய ரோலரைப் போடப்போகிறீர்கள் என்றால் கையால் சுற்றிப் பாருங்கள், ஒயில் கசிவு இருந்தாலோ கரகரப்புக் கேட்டாலோ உள்ளே சேறு போய்விட்டது, தூக்கி எறியுங்கள். பின் சில்லின் அடி ரோலர்களின் அடியைவிடச் சற்று மேலே நிற்க வேண்டும். எங்கள் மெசினில் ஓர் அங்குல அளவுக்கு மேலே இருந்தது, அதே உயரத்தைப் புதிய கையிலும் வைத்தோம். சில்லு ரோலர் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் ஒவ்வொரு வரம்பிலும் முதல் அடியை அதன் பெயாரிங்தான் வாங்கும்.

வேலையைச் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள், பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோக வெட்டுத் தொடங்குவதற்குள். வெட்டுக்காலத்தில் தொடங்கினால் பத்துப் பேர் போன் எடுப்பார்கள், அவசரத்தில் ஒரு போல்ட் இறுக்காமல் போகும். வயலில் செய்யவே கூடாது, கொங்கிறீற் தரையோ நன்றாக இறுகிய கிரவல் தரையோ வேண்டும். தாங்கியில் நெல் இருக்கக் கூடாது. வெட்டும் முன்பகுதியை இறக்கி மரக்கட்டை மேல் வையுங்கள், ஹைட்ரோலிக்கை நம்பி அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது. முந்தின நாளே மெசினைத் தண்ணீர் அடித்துக் கழுவி, இறுக்கும் போல்ட்டின் மரைக்கும் பூட்டு நட்டுக்கும் டீசலோ ஒயிலோ ஊற்றிவிடுங்கள், சேற்றில் ஓடிய போல்ட் காலையில் சாவி போட்டதும் அசையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு பக்கத்தை ஜக் போட்டுத் தூக்குங்கள், ட்ராக் தரையை விட்டு நான்கு விரல் எழும்பினால் போதும். தூக்கியதும் சட்டத்துக்குக் கீழே தடித்த பலகைகளை அடுக்கிப் பாரத்தைப் பலகையில் இறக்கிவிடுங்கள், ஜக்கில் நிற்கும் மெசினுக்குக் கீழே கை வைப்பது எமனுக்குக் கடிதம் போடுவது. மறுபக்க ட்ராக்குக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பிறகு பூட்டு நட்டைத் தளர்த்தி, இறுக்கும் போல்ட்டை முழுக்கத் திருப்பி, பின் சில்லை உள்ளே தள்ளுங்கள். ட்ராக் தொய்ந்ததும் பின் சில்லின் பக்கத்தில் அலவாங்கைக் கொடுத்து வெளிப்பக்கமாக நெம்பினால் அது நழுவி வரும், அதன்பின் பல்சக்கரத்திலிருந்து எடுக்கலாம். சிலர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பல்சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, ட்ராக்குக்கு இடையில் குழாய் கொடுத்துக் கழற்றுவார்கள், வேகமான வழிதான். விரல் போனவர்களும் அந்த வழியில்தான் போனார்கள். எஞ்சினை நிறுத்திச் செய்யுங்கள், அரை மணி கூடப் போகட்டும்.

ட்ராக் கழன்று கிடக்கும்போது பல்சக்கரத்தைப் பாருங்கள். பல் கொக்கி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். பழைய பல்லில் புதிய ட்ராக்கைப் போட்டால் இரும்புக் கட்டைகளை அது தின்றுவிடும்.

சட்டத்தில் ரோலர் தாங்கியை ஒட்டுவதற்கு முன் பற்றரியின் இரண்டு வயரையும் கழற்றுங்கள், நெகட்டிவை முதலில். ஒட்டுமெசினின் பூமி வயரின் கிளிப்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள், தூரத்தில் எங்கோ மாட்டினால் கரண்ட் ஏதாவது பெயாரிங்குக்குள்ளால் போய் அதைக் கெடுத்துவிடும். இன்னொன்று, எவ்வளவு கழுவினாலும் வைக்கோல் தூசியும் பதரும் எஞ்சினைச் சுற்றி எங்கேயாவது ஒட்டியிருக்கும். ஒரு பொறி போதும். ஒட்டுவேலை நடக்கும்போது தண்ணீர் வாளியோடு ஒருவர் வேறு வேலை பாராமல் நிற்க வேண்டும், முடிந்தபின் ஒரு மணித்தியாலம் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

முழுக்க ஒட்டாமல் முதலில் நான்கு புள்ளி வைத்து நிறுத்திக்கொண்டு, கொத்தனார் நூல் ஒன்றைப் பல்சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை இழுத்துக் கட்டுங்கள். எல்லா ரோலரின் நடுவும் அந்த நூலில் வர வேண்டும். சில்லு சற்றுச் சாய்ந்தால்கூட ட்ராக் ஒரு ஓரமாக ஏறி, உள் விளிம்பைத் தின்றுவிடும். நூல் சரியான பிறகு முழுக்க ஒட்டுங்கள், ஒட்டி ஆறிய பிறகு இன்னொரு தரம் நூலைப் பிடியுங்கள், சூட்டில் இரும்பு இழுக்கும்.

புதிய ட்ராக்கை இரண்டு பேர் தூக்கிப் போடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுச் செயின் புளொக்கைத் தேடுங்கள். ட்ராக்கில் அம்புக்குறி இருந்தால் அது மெசின் முன்னுக்கு ஓடும் திசை. முதலில் பல்சக்கரத்தில் மாட்டி, பல் எல்லாம் துளைக்குள் சரியாக உட்கார்ந்ததைப் பார்த்து, மேல் ரோலருக்கு மேலால் எடுத்துக் கடைசியில் பின் சில்லில் அலவாங்கால் ஏற்றுங்கள். ஏறாவிட்டால் சில்லு முழுக்க உள்ளே போகவில்லை, அல்லது கையை நீளமாகச் செய்துவிட்டீர்கள்.

இறுக்கம்தான் கடைசி விஷயம், அதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். மெசின் இன்னும் தூக்கியே இருக்கும்போது, நடு ரோலரின் அடிக்கும் ட்ராக்கின் உட்பக்கத்துக்கும் இடையில் எவ்வளவு வெளி இருக்கிறது என்று அளந்து இறுக்குங்கள். உங்கள் மெசினின் கையேட்டில் அந்த அளவு இருக்கும், எங்களுடையதில் 10க்கும் 15 மில்லிமீற்றருக்கும் நடுவில் வைத்தோம். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடாமலே மெசின் ஒரு பக்கம் போகும். தளர்ந்தால் கழலும் என்ற பயத்தில் கம்பி மாதிரி இறுக்கிவிடுவது நம் பக்கத்துப் பழக்கம், ஆனால் எங்கள் களிமண்ணை நினையுங்கள். சேறு பல்சக்கரத்துக்கும் ட்ராக்குக்கும் நடுவில் போய் அப்பிக்கொண்டால் அது தானாகவே இன்னும் இறுகும், அப்படி இரண்டு இறுக்கமும் சேர்ந்தால் பின் சில்லின் பெயாரிங்கும் ட்ராக்குக்குள் இருக்கும் இரும்புக் கயிறும்தான் பதில் சொல்லும். வெட்டு முடிந்து வாடிக்கு வந்ததும் சேறு காய்வதற்கு முன் கழுவிவிடுங்கள்.

இறக்கியபின் வெறும் மெசினாகப் பத்து நிமிடம் நேராக முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டி, மறுபடி தூக்கி அந்த வெளியை அளந்து பாருங்கள். முதல் ஐந்து ஏக்கர் வெட்டியதும் கட்டாயம் ஒரு முறை, புது ட்ராக் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். பூட்டு நட்டையும் அப்போதே பாருங்கள்.

ஓட்டுவதிலும் மாற்றம் இருக்கிறது. நீண்ட ட்ராக் திரும்பும்போது மண்ணைப் பக்கவாட்டில் கூடத் தள்ள வேண்டும், அந்தச் சுமை முழுவதும் கியர்ப்பெட்டிக்கும் திருப்பும் கிளச்சுக்கும் போகும். நின்ற இடத்தில் ஒரே சுற்றாகத் திருப்புவதை மறந்துவிட்டு, வயல் மூலையில் இரண்டு மூன்று தரம் முன்னுக்குப் பின்னுக்கு எடுத்துத் திருப்புங்கள். கொங்கிறீற்றிலும் தாரிலும் திருப்பவே வேண்டாம், றப்பர் அழிவதைக் கண்ணால் பார்க்கலாம். வரம்பு கடக்கும்போது மெசின் முன்னைவிடத் தாமதமாகத்தான் முன்னுக்குச் சாயும், சாயும்போது டமார் என்று விழும், ஆகவே உச்சியில் வேகத்தைக் குறைத்து மெல்ல இறக்குங்கள். லொறியில் ஏற்றும் பலகையிலும் இதே கதை. எங்கள் பழைய பலகை ஒன்று முதல் நாளே நடுவில் முறிந்தது.

இவ்வளவும் செய்த பிறகும் குதிக்காலை ஊன்றினால் கணுக்கால்வரை இறங்கும் வயலில் நான் மெசினை இறக்குவதில்லை. வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் கோபித்தாலும் சரி. சென்ற பெரும்போகம் வெல்லாவெளிப் பக்கம் ஒரு பள்ளக் காணியில், தாங்கி நிரம்பியதும் மச்சான் இறங்கிப் போய் ரசமட்டத்தைச் சட்டத்தில் வைத்தான். குமிழி நடுவிலிருந்து ஒரு நூலளவு முன்னுக்கு நின்றது. "இருக்கட்டும், இன்னும் ரெண்டு வட்டம் போகலாம்" என்றான்.